ஜோடி பிரிந்த எலக்ட்ரானைத் தேடி

படிகத்தைக் காமா கதிரால் அடித்து, உள்ளே மூலக்கூறு உடைந்து ஜோடி பிரிந்து நிற்கும் எலக்ட்ரானைக் காந்தத்தில் வைத்துத் தேடுவது என் தொழில். அதற்கு முதலில் படிகம் வேண்டும். சர்க்கரைக் கரைசலை அசைக்காமல் மூன்று மாதம் காத்திருந்ததில், உளுந்து அளவில், விரிசல் விழாத ஒன்றே ஒன்று கிடைத்தது. ஆய்வகத்தில் வயதைத் தொலைத்துக்கொண்டிருக்கும் அன்பர்களே, அந்த ஒன்றின் அருமை உங்களுக்குத் தெரியும்.

பக்கத்து சீட்

வெளியூரில் கதிர் அடித்து, படிகத்தை டப்பியில் போட்டு பஸ்ஸில் மதுரைக்குத் திரும்பினேன். டப்பியில் 'கதிர்வீச்சு' என்று லேபிள் ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் அதைப் படித்தார். மறு நிமிஷம் டிரைவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அந்த இடத்தில், மேலூரில் முருங்கைக்காய்க் கட்டோடு ஏறிய ஓர் அம்மா உட்கார்ந்தார். "என்னத்தா அது?" என்றார். கதிர் பட்டதோடு சரி, இப்போது டப்பியில் கதிர் எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம் என்று விளக்கினேன். வாங்கித் திறந்து பார்த்தார். "கதிரும் இல்ல, உள்ள இம்புட்டூண்டு கல்கண்டு. இதுக்கா தாயி அம்புட்டுத் தூரம் போய்ட்டு வாறே?"

தும்மல்

மெல்லிய கண்ணாடிக் குச்சியின் நுனியில் கிரீஸ் தடவிப் படிகத்தை ஒட்டி, காந்தத்துக்கு நடுவே வைத்துப் பத்துப் பத்து டிகிரியாகத் திருப்பி அளக்க வேண்டும். மெஷினுக்குப் பொறுப்பு பாண்டி அண்ணன். எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். அதை விட்டால் அடுத்த முறை வருவதற்குள் ஆய்வேட்டுக் கெடு முடிந்துவிடும். நான் படிகத்தை ஒட்டினேன். அண்ணன் தும்மினார். குச்சி இருந்தது, படிகம் இல்லை.

இருவரும் டார்ச்சோடு தரையில் தவழ்ந்தோம். ஒரு மணி நேரம் ஆனதும் மேஜைக்கு அடியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டே போன அண்ணன், மெஷினின் காலடியில் நின்றார். விரல் நுனியில் படிகம்! மறுகையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார்: "தங்கச்சி, சீக்கிரம் வந்து வாங்கு! மறுபடி வருது!"

அப்பாவின் கவலை

மாலைக்குள் எல்லாக் கோணத்திலும் அளந்து முடித்தோம். திரையில் மேலும் கீழுமாய்க் கோடுகள். என் எலக்ட்ரான் அங்கேதான் இருந்தது. ஆனையூர் வீட்டுக்கு ஓடி, போனில் எடுத்த படத்தை அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் வாடியது. மெதுவாகக் கேட்டார்: "யாருக்குத்தா ஈசிஜி? ஆளு பொழச்சுக்குவாரா?"

இப்போது நான் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டேன். தெருவில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் அப்பா என்னைத்தான் அனுப்பிவைக்கிறார்.