மேலே விழுந்த கறுப்புப் பட்டை

புஸ்மாரைப் பற்றி யார் பேச்செடுத்தாலும், "சொந்தத் தம்பி மாடு ஓட்டினதைப் படம் பிடிக்கத் துப்பில்லாதவன்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். என் காப்பிக் கடையில் உட்கார்ந்து, என் காப்பியைக் கொட்டாங்கச்சியில் வாங்கிக் குடித்துக்கொண்டேதான் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வாயைத் திறந்ததில்லை.

எங்கள் தானா டத்தார் பக்கம், அறுவடை முடிந்த வயலில் தண்ணீர் கட்டி, சேற்றில் மாட்டு ஜோடிகளை ஓட்டுவோம். பின்னால் கட்டிய மரக்கட்டைகளில் காலை வைத்து, இரண்டு வாலையும் பிடித்துக்கொண்டு ஒருவன் நிற்பான். மாடு சுணங்கினால் வாலைக் கடிப்பான். அதைப் படம் எடுப்பதுதான் புஸ்மாருக்குப் பிழைப்பு. அவன் படத்தில் தெறிக்கும் சேறு துளித்துளியாகக் காற்றில் நிற்கும். அதற்குக் கேமராவின் ஷட்டர் நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்குள் திறந்து மூட வேண்டும் என்பான்.

அவன் தம்பி அஃப்ரிசோனைப் போல ஓட்டுகிறவன் அக்கம்பக்கத்தில் கிடையாது. அவனுக்குத்தான் நுரையீரலில் கட்டி வந்தது. இனிமேல் வயலில் இறங்கவே கூடாது என்றார் டாக்டர். அவனோ கடைசியாக ஒரு ஓட்டம் ஓடியே தீருவேன் என்று நின்றான். அவர்களின் அம்மா ரோஸ்னிதார் அழுது பார்த்தாள். தடுக்க முடியாது என்று தெரிந்ததும் மூத்தவனிடம் வந்தாள்.

"வீட்டுல இருக்கிற படம் எல்லாத்துலயும் அவன் வாயில மாட்டு வால்தான்டா இருக்கு. மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடு. எனக்கு அது போதும்."

"எடுத்துத் தர்றேன் அமாக்" என்றான் புஸ்மார்.

"வாலைக் கடிக்காட்டி மாடு நகருமா உடா?" என்று அண்ணனைப் பார்த்துச் சிரித்தான் தம்பி. எங்கள் பக்கம் அண்ணனை உடா என்றும் அக்காவை உனி என்றும் கூப்பிடுவோம். சிரித்த கையோடு இருமினான். கடைசியில், தொடக்கத்தில் கடித்துவிட்டு அண்ணன் இருக்கும் இடம் வந்ததும் முகத்தை நிமிர்த்துவதாக ஒப்புக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து, ஓட்டத்துக்குச் சில நாள் இருக்கையில், புஸ்மாரின் கேமரா சேற்றுத் தண்ணீரில் விழுந்தது. புஸ்மாரின் மனைவி யூஸ்மானியார் அதைத் துடைத்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள். ஈரமான போனை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் காய வைப்போம். ஆனால் அது அன்று காலைதான் ஆலையிலிருந்து வந்த அரிசி. தவிடு போகாத அரிசி. தவிட்டில் எண்ணெய்ப் பசை உண்டென்று அவள் அறியாதவளா? பதற்றத்தில் யோசிக்கவில்லை.

கேமரா வேலை செய்தது. அதுதான் கொடுமை. மெதுவான வேகத்தில் எடுத்தால் படம் சுத்தமாக வந்தது. வேகத்தைக் கூட்டினால் மேல்பக்கம் மங்கியது. இன்னும் கூட்டினால் மேலே கறுப்புப் பட்டை. ஓட்டுகிறவனின் தலை இருக்கும் இடம் அதுதான். வேகத்தைக் குறைத்தாலோ முகம் கலைந்துபோகும்.

லென்ஸை மாற்றிப் பார்த்தான், அதே பட்டை. மெமரி கார்டை மாற்றினான், பேட்டரியை மாற்றினான், காற்றடித்துப் பார்த்தான். தொழுகைக்கூடத்தின் வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒவ்வொரு வேகமாக வைத்து எடுத்துக்கொண்டே இருந்தான். என் கடை ஆட்களுக்குக் கேட்கவா வேண்டும்?

"என்ன உடா, சுவரு எப்ப ஓடப்போகுது?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. என்னிடம் மட்டும் சொன்னான்: "உனி, உள்ள ரெண்டு திரை. முன்னது ஓடும், பின்னது துரத்திட்டு வந்து மூடும். வேகம் கூடினா நடுவுல ஒரு கீத்துதான் இடைவெளி. முன்னது தவிட்டுல சிக்கித் தயங்குது. பின்னது போய்ப் பிடிச்சிருது. அங்க வெளிச்சமே விழல."

பாடாங் நகரில் கேமரா பழுது பார்ப்பவன் ஷட்டரையே மாற்ற வேண்டும் என்றான். பாகம் வந்து சேர்வதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். இரவல் கேட்டால், ஓட்ட நாளில் எவன் கேமராவைக் கையை விட்டுக் கொடுப்பான்? யூஸ்மானியார் சோறு போடும்போதெல்லாம் "என்னாலதான்" என்று அழுதாள். அவன் "விடு நியார்" என்பான். வேறு என்ன சொல்வான்?

பிறகு ஒருநாள் கேமராவைத் தலைகீழாகப் பிடித்துச் சுவரை எடுத்தான். பட்டை கீழே போய்விட்டது. கீழே சேறும் மாட்டின் காலும்தானே, போனால் போகட்டும். மேலே முகம் தப்பிவிடும். அவன் சிரித்து நான் பார்த்த கடைசிச் சிரிப்பு அதுதான்.

ஓட்டத்தன்று சேற்றில் மண்டியிட்டுக் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்திருந்தான். ஊரே கைகொட்டிச் சிரித்தது. மாடுகள் பாய்ந்தன. அஃப்ரிசோன் வாலைக் கடித்தான், விட்டான், அண்ணனுக்கு நேரே வந்ததும் நிமிர்ந்தான். எல்லாம் மூச்சுவிடும் நேரத்துக்குள் முடிந்தது. என் கண்ணுக்கு அவன் ராஜா மாதிரி தெரிந்தான்.

இருவரும் என் கடையின் பின்கட்டுக்கு வந்தார்கள். தம்பி சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான். சின்னத் திரையில் படத்தை மூவரும் பார்த்தோம். பட்டை கீழே கிடந்தது. முகம் அவ்வளவு தெளிவு. ஐயோ, அந்தத் தெளிவு! கண்கள் பிதுங்கி, வாய் கோணி, கழுத்து நரம்பு புடைத்து, தண்ணீரில் மூழ்குகிறவன் கடைசியாக ஒருமுறை மேலே வந்தது போல இருந்தது. ஓடும்போது எங்கள் யார் கண்ணிலும் படாததை அந்தப் பெட்டி பிடித்து நிறுத்தியிருந்தது. அடுத்த படமும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

அஃப்ரிசோன் வெகுநேரம் பார்த்தான்.

"அழிச்சிடு உடா."

"அமாக் கேப்பாளேடா."

"இதைப் பாத்துக்கிட்டா அவ மிச்ச காலத்தை ஓட்டணும்? கேமரா கெட்டுப்போச்சுன்னு சொல்லு. அதுதான் ஊருக்கே தெரியுமே." என்னைப் பார்த்தான். "நீங்களும்தான் உனி."

புஸ்மார் ஒவ்வொன்றாக அழித்தான். அதைப் பார்க்க முடியாமல் நான் அடுப்புப் பக்கம் போய்விட்டேன்.

அடுத்த நடவுக்குள் அஃப்ரிசோன் போய்விட்டான். மகன் இருந்தவரை படத்தைக் கேட்காத ரோஸ்னிதார், அடக்கம் முடிந்த மறுநாள் புஸ்மார் குடியிருந்த மருமகள் வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"அந்தப் படம் எங்கடா?"

"வரல அமாக். ஷட்டர் கெட்டுப்போச்சு. எல்லாம் கறுப்பு."

உள்ளேயிருந்த யூஸ்மானியார் ஓடிவந்து மாமியார் காலடியில் விழுந்தாள். "நான்தான் பாவி! நான்தான் கெடுத்தேன்!" என்று தரையில் முட்டிக்கொண்டாள். புஸ்மாரின் வாய் திறந்தது. என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கிழவி மருமகளைத் தூக்கி நிறுத்தி, முக்காட்டுத் துணியால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

"அழாதம்மா. நீ வேணும்னா செஞ்ச? நான் உன்ன மன்னிச்சுட்டேன்" என்றாள்.