பஞ்சு வைத்துக் கேட்ட ஹெட்போன்

பெங்களூரில் கம்பெனி வேலை பார்க்கிற என் மகன் ஒரு ஹெட்போனும் அதற்குத் தோதாக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும் வாங்கப்போகிறானாம். விலையும் ரொம்பப் போகக்கூடாது, பொருளும் மட்டமாக இருக்கக்கூடாது. அதற்காக ஒரு மாதமாகக் கம்ப்யூட்டரே கதியென்று கிடக்கிறான். எவனோ வெள்ளைக்காரன் ஹெட்போனைத் திருப்பித் திருப்பிக் காட்டிப் பேசுகிற வீடியோவை எல்லாம் பார்க்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம். அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் என் ரேடியோ செட்டு போகாமல் எந்த மாரியம்மனும் தேர் ஏறமாட்டாள். மூன்று வண்டி ஓடுகிறது, ஜெனரேட்டர் சொந்தம். ஏழாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு இன்ஜினியர் பையன்கள் வந்து, “அண்ணா, ஒயரு எங்க குடுக்கறதுங்க?” என்று என்னைத்தான் கேட்கிறார்கள். இதில் ஒரு பைசா யாரும் எனக்குச் சும்மா கொடுத்ததில்லை.

ஆனாலும் எங்கள் சித்தப்பா ஹெட்போன் வாங்கின மாதிரி வாங்கின ஆளை இத்தனை வருசத்தில் நான் பார்க்கவில்லை. அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். கேசட்டு காலம்.

சித்தேரி மலைக்குக் கீழே எங்கள் ஊர். எங்கள் ஊர்ப் பண்டிகைக்கு அரூரிலிருந்து வருகிற செட்டுக்காரர் அந்த வருசம், “பெரிய ஊருக்கு ஒத்துக்கிட்டேன், உங்களுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. அந்தப் போகம் குச்சிக்கிழங்கு நல்ல விலைக்குப் போயிருந்ததால், நாமே செட்டு வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்தார். ஒயர் வேலை தெரிந்தவர் சித்தப்பா. அதனால் பெங்களூருக்குப் போய் வாங்கிவர அவரை அனுப்பினார். யாரும் அவரை ஏமாற்றிவிடக்கூடாதே என்று கூட என்னையும் அனுப்பினார். என் கெட்டித்தனம் அப்பாவுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

பஸ் ஏறும்போது அப்பா சொன்னது ஒன்றே ஒன்றுதான். “தூக்கிப் பாத்து வாங்கு. கனமா இருக்கறதா வாங்கு.”

எங்கள் பக்கத்தில் அப்போது ஆம்ப்ளிஃபயரை எடை பார்த்துத்தான் வாங்குவார்கள். பூசணிக்காய் மாதிரி இரண்டு கையாலும் தூக்குவார்கள். முதுகு வளைந்தால் நல்ல சரக்கு. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் பெரியதாக இருந்தால் சத்தம் பெரியதாக வரும் என்று கணக்கு. அதில் பாதி உண்மையும் உண்டு.

அந்தச் சமயத்தில் வீட்டில் வேறொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருசம்கூட முடியவில்லை. சின்னம்மா வேலையில் குறை வைக்கமாட்டாள். ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாள். அம்மா அடுப்படியிலிருந்து தண்ணீர் கேட்பாள், சின்னம்மா வாசலில் சாணி தெளித்துக்கொண்டே இருப்பாள். “திமுரு. கூப்புட்டா ஏன்னு கேக்கறதில்ல. ராணி பெத்த புள்ளையாட்டம்” என்று அம்மா பொருமுவாள். அது வளர்ந்து வளர்ந்து, பண்டிகை முடிந்ததும் சின்னம்மாவை ஏரியூர்ப் பக்கம் இருந்த அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது, திமிர் அடங்கினால் பார்த்துக்கொள்வது என்கிற அளவுக்கு வந்துவிட்டது. அப்படி அனுப்பப்பட்டவர்கள் திரும்பி வருவது கஷ்டம். சித்தப்பா அண்ணன் எதிரில் பேசுகிற ஆள் இல்லை.

பெங்களூரில் ஒரு சந்து முழுக்க ரேடியோ கடைகள். சித்தப்பா மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு அங்கே போய்வந்தவர், கன்னடம் பேசுவார். ஒரு கடையில் நுழைந்தோம். பெரிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் காட்டினார்கள். நான் தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. “சித்தப்பா, இதுதான்!” என்றேன். பக்கத்தில் நடுத்தரமாக ஒன்று இருந்தது. அதை நான் ஒருத்தனே தூக்கிவிட்டேன். கேவலமாகப் போய்விட்டது எனக்கு.

சித்தப்பா கேட்டது ஒரே கேள்விதான். “ஹெட்போன் மாட்ற ஓட்டை எதுல இருக்குது?”

நடுத்தரத்தில்தான் இருந்தது. மரத்தில் கட்டுகிற குழாய் ஹாரனை நிறுத்திவிட்டு ஹெட்போனில் மட்டும் கேட்க அதில் ஒரு சுவிட்சும் இருந்தது. பெரியதை வாங்கினால் கையிலிருக்கிற பணம் அதற்கும் இரண்டு ஹாரனுக்குமே சரி. நடுத்தரம் என்றால் ஒரு நல்ல ஹெட்போனும் சேர்ந்து வரும். சித்தப்பா நடுத்தரத்தைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார்.

அப்புறம் அவர் செய்ததுதான் வேடிக்கை. சட்டைப் பையிலிருந்து பஞ்சு எடுத்தார். ஊரிலிருந்தே இலவம்பஞ்சு கொண்டுவந்திருக்கிறார் மனுசன். இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டார். அதன்மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கை என்னிடம் நீட்டினார்.

“பேசு.”

“என்ன பேசறது சித்தப்பா?”

“மெதுவாப் பேசு. பால்வாடிப் பாட்டு ஏதாச்சும் சொல்லு.”

நான் சொன்னேன். ஒவ்வொரு ஹெட்போனாக மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒன்றில் சத்தம் வந்தது, பேச்சு புரியவில்லை. ஒன்றில் பேச்சு புரிந்தது, காது சுட்டது. கடைக்காரர் வேலையாட்களைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பாட்டுப்பெட்டி வாங்க வந்த ஆளை அவர் எங்கே பார்த்திருப்பார்?

கடைசியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா கேட்டார்: “இது கம்மல் மேல அழுத்துமா?”

கடைக்காரர் என்னைப் பார்த்தார், சித்தப்பாவின் மூளிக்காதைப் பார்த்தார். “யாருக்குக் கம்மல்? உங்களுக்கா?” என்று கன்னடமும் தமிழும் கலந்து கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. காதுப் பக்கம் மெத்தென்று தோல் வைத்ததாக, கொண்டைக்கு மேலே ஏறி உட்கார்கிற அளவுக்கு வளையம் நீளுவதாக ஒன்றைத் தேடி எடுத்த பிறகுதான் கடையை விட்டு இறங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஆம்ப்ளிஃபயரை ஒரு கையால் தூக்கினார். முகம் கறுத்துவிட்டது.

“என்னடா இது, முறமாட்டம் இருக்குது? ஊருக்கு முன்னால என் மானத்தை வாங்கறதுக்கா உன்னை அனுப்புனேன்? அது என்னடா காதுல மாட்றது? ஹாரன் இருக்கறப்போ அது எதுக்கு?”

“டெஸ்ட் பண்றதுக்குங்ண்ணா” என்றார் சித்தப்பா.

பண்டிகைக்கு முதல் நாள் சாயங்காலம். ஹாரன் இரண்டையும் கோவில் வேப்பமரத்தில் கட்டியாயிற்று. ஒன்று ஊரைப் பார்த்து, இன்னொன்று அம்மாவும் மற்ற பெண்களும் களையெடுத்துக்கொண்டிருந்த மஞ்சக் காட்டைப் பார்த்து. கரண்டு எங்கள் மாட்டுக்கொட்டாயிலிருந்துதான் எடுக்கவேண்டும் என்பதால் ஆம்ப்ளிஃபயர் அங்கே இருந்தது. கோவில் வாசலில் ஊர்க்கவுண்டரும் பெரியவர்களும் அப்பாவும் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாரனில் மூச்சே இல்லை.

“இதுக்குத்தான் கனம் பாத்து வாங்கோணுங்கறது” என்றார் ஒரு பெரியவர். அப்பா என்னை முறைத்தார். “போயி என்னன்னு பாருடா.”

ஓடினேன். கொட்டாய்க்குள் சித்தப்பா மைக்கும் கையுமாக உட்கார்ந்திருந்தார். எதிரில் வைக்கோல் கட்டின் மேல் சின்னம்மா. அவள் தலையில் அந்த ஹெட்போன். சித்தப்பா ஏதோ முணுமுணுவென்று பேசிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கிணற்றில் ஆயில் என்ஜின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்ததால் வெளிச் சத்தம் எதுவும் உள்ளே வரவில்லை, சித்தப்பா பேசினதும் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் ஒன்று பார்த்தேன். ஹாரன் சுவிட்சு கீழே இருந்தது.

அடடா, மனுசன் சுவிட்சைப் போட மறந்துவிட்டார் என்று நினைத்தேன். இந்த மாதிரி விசயத்தில் நான் ஒரு நிமிசம் யோசிக்கிறவன் இல்லை, இன்றைக்கும் அப்படித்தான். பின்பக்கமாகக் குனிந்து போய் சுவிட்சை மேலே தட்டிவிட்டு, என் பெருமையைப் பார்க்கக் கோவிலுக்கு ஓடினேன்.

பாதி வழியிலேயே வேப்பமரத்திலிருந்து சித்தப்பா குரல் வந்தது. அவ்வளவு தெளிவாக ஒரு குரல் எங்கள் ஊர் அதுவரை கேட்டதில்லை.

“...கல்யாணத்தன்னிக்கே எனக்குத் தெரியும். பக்கத்துலயே வேட்டு வெடிச்சுது. எல்லாரும் துள்ளுனாங்க. நீ மட்டும் பூவைச் சரி பண்ணிக்கிட்டிருந்த. தைரியமான புள்ளைன்னு பேசிக்கிட்டாங்க. எனக்குத் தெரியும், உனக்குக் கேக்கலைன்னு. உங்கூட்ல மறைச்சுட்டாங்கன்னு சொல்லி அனுப்பிருவாங்களோன்னுதான் நான் யார்கிட்டயும் வாயத் தொறக்கல. இப்பக் கேக்குதா?”

அப்புறம் சின்னம்மாவின் குரல், கொஞ்சம் பலமாக. “கேக்குதுங்க.”

“நீ உங்கூட்டுக்குப் போனா நானும் கூடவே வந்துருவேன். அங்க வந்து கெழங்கு நட்டுக்கறேன்.”

“உங்கண்ணன் வுடுவாருங்களா?”

“வுடலைன்னா போறாரு. இன்னொன்னு சொல்றேன், வெளிய சொல்லிராத. அண்ணி வெக்கற கொள்ளு ரசம் எனக்குப் புடிக்கறதே இல்ல. நீ வெச்சாத்தான் ரசம்.”

கோவில் வாசலில் ஒருத்தரும் அசையவில்லை. எடையைப் பற்றிப் பேசின பெரியவர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: “செட்டு நல்ல செட்டுதாம்ப்பா. மூச்சு வுடறதுகூடக் கேக்குது.” ஊர்க்கவுண்டர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். அப்பா மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் மஞ்சக் காட்டிலிருந்து அம்மா வருவது தெரிந்தது. கையில் களைக்கொத்து, முழங்கால் வரைக்கும் சேறு. பின்னால் பத்துப் பெண்கள், ஒரு சண்டையை ஒழுங்காகப் பார்த்துவிட வேண்டும் என்று. அம்மா யாரையும் பார்க்காமல் நேராகக் கொட்டாய்க்குள் போனாள். நானும் ஓடினேன்.

சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார். சின்னம்மாவுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை, அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டு மிரண்டு போய் உட்கார்ந்திருந்தாள். அம்மா களைக்கொத்தைக் கீழே போட்டாள். சித்தப்பாவின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். சுவிட்சை யாரும் கீழே தள்ளவில்லை என்பதால் அதையும் ஊர் முழுக்கக் கேட்டது.

“ஏம்புள்ள, எனக்குக் காது கேக்காதுங்க்கான்னு ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன? முன்னால வந்து நின்னு பேசியிருப்பனே. இத்தன நாளா உம்முதுகப் பாத்துக் கத்திக் கத்தி என் தொண்டைதான் போச்சு.”

தலையில் ஹெட்போன் இருந்ததால் சின்னம்மா இந்தத் தடவை அம்மாவின் உதட்டைப் பார்க்காமலேயே அவள் சொன்னதைக் கேட்டாள். கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள். அம்மா சேற்றுக் கையாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, இன்னும் கறுப்பாக்கிவிட்டுச் சித்தப்பா பக்கம் திரும்பினாள்.

“ரசம் நல்லால்லன்னா எங்கிட்டச் சொல்றதுங்க, கொழுந்தனாரே. ஊருக்கெல்லாமா சொல்றது?”

அந்தப் பண்டிகையில் ரசம் சின்னம்மாதான் வைத்தாள். அனுப்புகிற பேச்சு அதோடு நின்றுபோனது. மறுநாள் காலையில் அப்பா சின்னம்மாவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, வாயை அகலமாகத் திறந்து, “காப்பி குடு, தாயி” என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு நான் மட்டும் அந்தச் சுவிட்சைத் தட்டாமல் இருந்திருந்தால் அந்தக் குடும்பம் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் தொழிலில் நான் செய்த முதல் வேலை அது, இன்று வரை அதற்கு மேல் ஒன்றைச் செய்ததாகச் சொல்லமாட்டேன்.

ஒரே ஒரு விசயம்தான் அப்போது எனக்குப் பிடிபடவில்லை. பண்டிகை முடிந்தது, ஹாரன்கள் இறங்கிவிட்டன, சின்னம்மாவின் காது சங்கதி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஹெட்போன் வேலை செய்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. அப்புறமும் சாயங்காலமானால் சித்தப்பா கொட்டாய்க்குள் மைக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சுவிட்சு கீழே இருக்கிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்ப்பார். வைக்கோல் கட்டின் மேல் சின்னம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்பாள், தானாகச் சிரிப்பாள்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டுவிட்டேன்.

“ஏன் சித்தப்பா, இன்னுமா டெஸ்ட் முடியல?”

“எங்கடா முடியுது” என்றார் சித்தப்பா. என்னை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

நானும் வெளியே வந்து, கனமானதாக வாங்கியிருந்தால் இத்தனை நாள் டெஸ்ட் பண்ணவேண்டியதில்லையே என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.