மில்டனை எதிர்த்து எழுதிய சுல்மா

ராணுவ ஆட்சி முடிந்து சிறைக் கதவுகள் திறந்த வருஷம், மில்டன் ஒலாசாவை வரவேற்க செர்ரோ மேட்டிலிருந்து இறங்கிப் போன கூட்டத்தில் சுல்மா ஃபெரெய்ராவும் இருந்தாள். மில்டன் இறைச்சி ஆலைச் சங்கத்துக்காரர். சுல்மாவின் அப்பாவோடு ஒரே வரிசையில் நின்று மாடு உரித்தவர். எலும்பும் தோலுமாக வெளியே வந்த மனிதரை அவளுடைய அண்ணன் வால்தேர் தோளில் தூக்கிக்கொண்டான். "இறக்குடா, எனக்கு நடக்க மறந்து போகலை!" என்று மில்டன் மேலிருந்து கத்தியது மொண்டெவிடியோவின் அந்த மேட்டுத் தெருக்களில் பல வருஷம் கதையாக ஓடியது. செர்ரோவில் அவரை யாரும் 'நீங்க' போட்டுப் பேசியதில்லை. பின்னால் அவர் மந்திரியானபோதும் அது மாறவில்லை.

சுல்மா பொது மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மில்டன் முதல் தடவை நாடாளுமன்றத்துக்கு நின்றபோது, வயிற்றில் பிள்ளையோடு மாவுப் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு ஆலைச் சுவர்களிலெல்லாம் சுவரொட்டி ஒட்டினாள். ஜெயித்த அன்று அவர் அவள் வீட்டு முற்றத்துக்கு வந்து, "நான் அங்க உக்காரப் போகலை சுல்மா, இடிக்கப் போறேன்" என்றார். அவள் நம்பினாள். பொய் சொல்வதாக அவரும் நினைத்திருக்கமாட்டார்.

அவள் எப்போது விலகினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. வங்கிகள் கவிழ்ந்த வருஷம் ஊரே ஆத்திரத்தோடு தெருவுக்கு வந்தபோது, "பொறுங்க, அடுத்த தேர்தல்ல நாமதான்" என்று மில்டன் சொன்னார். அன்றைக்கா? மேட்டின் அடியில் மூடிக் கிடந்த ஆலையைத் தொழிலாளர்கள் கைப்பற்றி உள்ளே உட்கார்ந்தபோது, ஆட்சிக்கு வந்திருந்த அவர் வந்து பேசி அவர்களை வெளியே கூட்டிப் போனார். அன்றைக்கா? எப்படியோ, ஒராசியோ என்பவனின் சோபா தைக்கும் கடைக்குப் பின்னறையில் சனிக்கிழமை சாயங்காலம் கூடும் சின்னக் கட்சியில் அவள் போய்ச் சேர்ந்தாள். ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் அடங்கிவிடுகிற கட்சி. எட்டுப் பக்கப் பத்திரிகை ஒன்று போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தக்காளிக்காரனுக்கும் பழைய துணிக்காரிக்கும் நடுவில் நின்று சுல்மா அதை விற்றாள்.

"உன் புரட்சி என்ன விலைடி இன்னிக்கு? வாடிப் போறதுக்குள்ள குறைச்சுக் குடு" என்று அண்ணன் வால்தேர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் சீண்டுவான். செர்ரோவில் மில்டனின் கமிட்டிக்கு அவன்தான் தலைவன். அண்ணனும் தங்கையும் ஒரே முற்றத்தில், எதிரெதிர் கதவுகளில் குடியிருந்தார்கள்.

சலவைக் கூடத்தில் விரிப்புகளைத் தேய்க்கும் சூட்டு உருளைக்குத் தடுப்பு இல்லை. பல வருஷமாகக் கேட்டும் வரவில்லை. ஒரு திங்கட்கிழமை ஒரு சின்னப் பெண்ணின் கை மணிக்கட்டுவரை உள்ளே போய்விட்டது. அந்த அலறல் அடங்குவதற்குள் கூடம் முழுக்க இயந்திரங்களை நிறுத்திவிட்டு வெளியே வந்தது. தடுப்பு வந்தால்தான் வேலை என்றார்கள். இரண்டாவது வாரம் அரசாணை வந்தது: சலவை அத்தியாவசியப் பணி, திரும்பாதவர்களுக்கு வேலை கிடையாது. அடியில் தொழிலாளர் துறை மந்திரி மில்டன் ஒலாசாவின் கையெழுத்து.

எல்லோரும் திரும்பிப் போனார்கள். உருளை தடுப்பில்லாமல் அப்படியே இருந்தது. மடிப்பு மேஜையில் சுல்மாவுக்கு எதிரே நிற்கும் நீபியா விரிப்பின் இரண்டு முனைகளை எடுத்து நீட்டினாள். சுல்மா மற்ற இரண்டைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை ஒராசியோ, "மில்டனோட அரசியல் வாழ்க்கையை முதல்லேருந்து எழுதணும், நீதான் எழுதணும்" என்றான். "எங்க பேசினான், எங்க வாயை மூடினான்னு உனக்குத்தானே தெரியும்?"

"அவன் கல்யாணத்துல நான் ஆடியிருக்கேன், ஒராசியோ."

"அதனாலதான் சொல்றேன். நாங்க எழுதினா வயித்தெரிச்சல்னு சொல்லுவாங்க."

அவள் எழுதினாள். குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில், பக்கத்தில் மாத்தே என்கிற கசப்புத் தேநீர்க் குடுவையும் வெந்நீர்க் குடுவையும் வைத்துக்கொண்டு எழுதினாள். கோபத்தில்தான் தொடங்கினாள். எழுத எழுத, வேறொன்று தெரிந்தது. மில்டன் யாரையும் விற்கவில்லை. விற்றிருந்தால் ஆளை மாற்றினால் போதும். அவர் ஒவ்வொரு படியையும் முந்தின படி தள்ளிவிட்டதால்தான் எடுத்துவைத்தார். ஆலைக்காரர்களை வெளியே கூட்டிவந்தது ஆட்சியைக் காப்பாற்ற. ஆட்சியைக் காப்பாற்றியது சட்டங்கள் போட. சட்டங்கள் போட முதலாளிகளோடு ஒரே மேஜையில் உட்கார வேண்டியிருந்தது. எழுந்தால் எல்லாம் போய்விடும் என்ற பயத்திலேயே கடைசியில் உருளைக்கு முன்னால் பெண்களைத் திரும்ப நிறுத்தக் கையெழுத்துப் போட்டார். 'நல்ல மனிதரை அந்த நாற்காலிக்கு அனுப்பினோம். நாற்காலி என்ன செய்யும் என்று நாம் யோசிக்கவில்லை' என்று எழுதினாள். கட்டுரையின் பின்பாதி முழுக்கப் பண்ணைக்காரர்களையும் வங்கிக்காரர்களையும் பற்றி. அவர்களுக்கு இந்த அளவு கருணைகூட அவள் காட்டவில்லை.

பத்திரிகை வந்தபோது தலைப்பு 'ஒரு துரோகியின் வரலாறு' என்று இருந்தது.

"நான் இந்த வார்த்தையை எழுதலையே!" என்று அவள் ஒராசியோவிடம் சத்தம் போட்டாள்.

"தலைப்புன்னா கொஞ்சம் உப்பு வேணும், தோழி."

உப்பு வேலை செய்தது. அது தேர்தல் வருஷம். மில்டன் துணை அதிபர் வேட்பாளர். எதிர்ப்பக்கத்துக்கு, அதாவது பண்ணைக்காரர்களின் பக்கத்துக்கு, ஜால்ரா தட்டும் காலை நேர வானொலிக்காரன் ஒருவன் கையில் பத்திரிகை எப்படியோ சிக்கியது. சலவைக் கூடத்தில் வானொலி எப்போதும் பாடிக்கொண்டிருக்கும். அன்று பாட்டு நின்று அவன் குரல் வந்தது: "இதை நான் சொல்லலை, நேயர்களே! செர்ரோவில் அவரோட சொந்தத் தோழி சொல்றாங்க!" ஒவ்வொரு பத்தியாக ரசித்துப் படித்தான். அரசாணை, ஆலை, 'இடிக்கப் போறேன்' என்றது எல்லாவற்றையும் படித்தான். நடுநடுவே சிரித்தான். பின்பாதிக்கு வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டான்.

சுல்மா கையிலிருந்த விரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ எழுதினதாடி?" என்றாள் நீபியா.

"நான்தான். அவன் பாதியைத்தான் படிச்சான்."

"படிச்ச பாதி போதும்." நீபியா விரிப்பை மேஜைமேல் போட்டாள். "எங்கம்மா நாப்பது வருஷம் அடுத்தவ வீட்டுல பாத்திரம் தேய்ச்சா. வீட்டு வேலைக்காரிக்கும் பென்ஷன் உண்டுன்னு சட்டம் போட்டது யாரு? உங்க ஒராசியோவா? சோபாவுக்குப் பஞ்சு அடைக்கிறவனா?"

"மில்டன்தான். இல்லைன்னு நான் எங்கயும் எழுதலை."

"ஆமான்னு எழுதினியா?"

எழுதியிருந்தாள், ஒரே ஒரு வரி. நீபியா அன்றைக்கே கண்காணிப்பாளரிடம் சொல்லி வேறு மேஜைக்கு மாறிப் போனாள்.

பின்னறையிலோ கல்யாணக் களை. தொலைக்காட்சியிலிருந்து ஆள் வந்து சுல்மாவை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தான். "இத்தனை வருஷத்துல முதல் தடவையா நாம பேசறது ஊருக்குக் கேக்குது" என்று ஒராசியோ கைகளைத் தேய்த்துக்கொண்டான்.

"நாம பேசறது கேக்கலை. அவன் சிரிக்கிறதுதான் கேக்குது" என்றாள் சுல்மா. போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வானொலிக்குப் போன் செய்து மீதிப் பாதியையும் படிக்கச் சொன்னாள். எடுத்த பெண் மரியாதையாக நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மில்டன் வால்தேர் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். முற்றத்தில் விறகு எரிந்து, கம்பித் தட்டில் மாட்டு விலாவெலும்பு சொட்டுச் சொட்டாக நெய்விட்டுக்கொண்டிருந்தது. சுல்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். ஆனால் அது ஒரே முற்றம், எங்கே போவது? கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. ஒரு தட்டில் இறைச்சியை வைத்துக்கொண்டு மில்டன் நின்றார்.

"துரோகி கொண்டாந்த கறி. தின்னுவியா?"

"அந்த வார்த்தை என்னோடது இல்ல."

"தெரியும். நீ எழுதினா இன்னும் மோசமால்ல திட்டியிருப்பே?" உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது, முன்னைக்கு இப்போது கனத்திருந்தார். "முழுசாப் படிச்சேன் சுல்மா. ரெண்டு தடவை. பொய்னு ஒரு வரியக் காட்ட என்னால முடியலை."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குக் கட்டியிருந்த கச்சை தளர்ந்துபோனது.

"அப்புறம் ஏன்யா கையெழுத்துப் போட்டே?"

"போடலைன்னா அமைச்சரவை கவிழ்ந்திருக்கும். கவிழ்ந்தா அவனுங்க வருவானுங்க. நீ என் இடத்துல இருந்தா என்ன செஞ்சிருப்பே? சும்மா கேக்கலை, நெசமாத்தான் கேக்கறேன்."

"தெருவைக் கூப்பிட்டிருப்பேன்."

"தெரு வந்திருக்குமா?"

சுல்மா யோசித்தாள். ஆலையைக் கைப்பற்றியவர்கள் வெளியே வந்த நாள் நினைவுக்கு வந்தது. தலை குனிந்து, ஒவ்வொருவராக, அவரவர் வீட்டுக்கு. "அன்னிக்கு வந்திருக்கும். வரவேணாம்னு சொல்லிச் சொல்லிப் பழக்கினது நீதானே. இப்ப வருமான்னு எனக்கும் தெரியாது."

மில்டன் தட்டை அவள் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு எழுந்தார். "முதல் சுத்துல யாருக்கும் பாதி ஓட்டு வரலை, ரெண்டாம் சுத்து மயிரிழைல நிக்குது. உனக்கு என்ன தோணுதோ அதைச் செய். கறி ஆறிடப் போவுது, தின்னு."

தின்றாள். பசித்தது, அதனால் தின்றாள்.

ஓட்டுப் போடாமல் வீட்டில் இருக்கச் சட்டம் விடாது. வெற்று உறையைப் போடுங்கள் என்று ஒராசியோவின் கட்சி அறிவித்திருந்தது. அறிக்கையின் அடியில் இருந்த பெயர்களில் சுல்மாவுடையதும் உண்டு. வாக்குச்சாவடி பள்ளிக்கூட வகுப்பறையில். அவளை உள்ளே விட்டுக் கதவை மூடினார்கள். ஜன்னல்களில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. மேஜைமேல் இரண்டு கட்டுச் சீட்டுகள். ஒன்றில் மில்டனின் கட்சிப் பெயர்கள், மற்றொன்றில் அந்த வானொலிக்காரனின் ஆட்கள். கையில் உறை வெறுமையாக இருந்தது. ஒட்டினால் வேலை முடிந்தது. அவள் ஒட்டவில்லை. தனக்குப் பிடித்த சீட்டு இந்த அறையில் இல்லை, எந்த வருஷமும் இருந்ததில்லை என்று நினைத்தாள். வானொலிக்காரனின் அந்தச் சிரிப்பு காதில் கேட்டது. நீபியாவின் அம்மாவை நினைத்துக்கொண்டாள். உருளைக்குள் போன கையையும் நினைத்தாள்.

வெளியே அதிகாரி கதவைத் தட்டினார். "என்னம்மா, உள்ள தூங்கிட்டீங்களா?"

மில்டனின் சீட்டை எடுத்து மடித்து உறைக்குள் வைத்து ஒட்டினாள்.

மில்டனின் ஆட்கள் தோற்றார்கள், கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில். வால்தேர் ஒரு மாதம் முற்றத்தில் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. கூடத்தில் நீபியா எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "உன் வெத்து உறை ஜெயிச்சிடுச்சு. குளுகுளுன்னு இருக்காடி?"

நான் மில்டனுக்குத்தான் போட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொன்னால், 'அப்ப எழுதினதெல்லாம் பொய்தானே' என்பார்கள். எழுதியது பொய்யில்லை. சனிக்கிழமை பின்னறையிலும் சொல்லவில்லை. சொன்னால் அங்கே நாற்காலி இருக்காது. சந்தையில் பத்திரிகை விற்பதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். முழங்கால் வலி என்று காரணம் சொன்னாள்.

புது அரசு சலவைக் கூடத்தைத் தனியாருக்குக் கொடுக்கப்போவதாக மறு வருஷம் அறிவித்தது. மருத்துவமனை வாசலில் பெண்கள் மறியலுக்கு உட்கார்ந்தார்கள். தூறல் நாள், யாரோ அடுப்பு வைத்து மாவு ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தார்கள். மில்டன், இப்போது வெறும் செனட்டர், கக்கத்தில் வெந்நீர்க் குடுவையை இடுக்கிக்கொண்டு வந்தார். கைதட்டல் எழுந்தது. நீபியா ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். அவர் நேராக வந்து, சுல்மா பிடித்திருந்த பதாகையின் மறுமுனைக் கம்பை வாங்கிக்கொண்டார்.

"உங்க ஆளுங்க எங்க?"

"சந்தைல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மில்டன், இவங்க இன்னிக்கு சலவையைக் குடுக்கறாங்க. போன தடவை ஆஸ்பத்திரிச் சமையலறையைத் தனியாருக்குக் குடுத்தது உன் அரசாங்கம். அன்னிக்குப் போட்ட அதே ஆணையைத்தான் எடுத்து நீட்டறாங்க."

"தெரியும்."

"அப்ப மைக்ல சொல்லு."

"இன்னிக்கா சுல்மா?"

"வேற என்னிக்கு?"

மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் கம்பைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் பேசினார். நன்றாகவே பேசினார், அந்தக் குரலில் பழைய ஆலை வாசல் இருந்தது. புது அரசைப் பற்றி எல்லாம் சொன்னார். சமையலறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முடித்ததும் வாசலே அதிர்ந்தது. பதாகை தாழ்கிறது, தூக்கிப் பிடி என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்த, சுல்மா தூக்கிப் பிடித்தாள்.

குளிர்காலம் முடிவதற்குள் கூடம் கைமாறியது. நீபியாவை அவள் மகள் தன் ஊருக்கு அழைத்துப்போய்விட்டாள். போகிற அன்று சுல்மாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஓய்வு பெறும்வரை மருத்துவமனைக் கம்பளிக் கிடங்கில் ஒரு ஜன்னலில்லாத அறையை சுல்மாவுக்குக் கொடுத்தார்கள். சனிக்கிழமைகளில் அவள் இன்னமும் பின்னறைக்குப் போகிறாள். மில்டனுக்குப் போட்ட ஓட்டைப் பற்றி இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை.