வலது பக்கத்து ரத்தக்குழாய்

கட்டுக்கதை என்றால் முடிவை நானே ஒழுங்காக அமைத்திருப்பேன். இது நடந்தது. எனக்கு நடந்தது. பட்டப்பகலில், ஒமாஹாவில் ஓர் ஆஸ்பத்திரியில், மயக்க மருந்து இல்லாமல் கண் விழித்துக் கிடந்தபோது.

ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கும். அட்ரினல். எனக்கு இரண்டில் ஒன்று கெட்டு, ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே இருந்தது. ஏற்கெனவே ஒருமுறை வாய் கோணி விழுந்திருந்தேன். அடுத்த தடவை எழுந்திருக்க மாட்டேன் என்றார்கள். எது கெட்டது என்று தெரிந்தால் அறுத்து எடுத்துவிடலாம். அதற்கு இரண்டிலிருந்தும் வெளியே வரும் ரத்தத்தைத் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும். தொடையில் டியூப் விட்டு, வயிறு வரை ஏற்றிப் பிடிப்பார்கள்.

இடது பக்கம் பரவாயில்லை. அந்த ரத்தக்குழாய் நீளம். வலது பக்கம்தான் எமன். விரல்நகம் அளவுகூட இருக்காது. நேரே உடம்பின் பெரிய குழாயின் முதுகில் போய்த் திறக்கும். மாட்டுக்கும் அப்படித்தான். இறைச்சி ஆலையில் பல வருஷம் இந்தச் சுரப்பியைத்தான் அறுத்தெடுத்தேன். வலது பக்கம் கொஞ்சம் அசந்தாலும் கிழிந்துவிடும்.

இரண்டு தடவை முயன்று தோற்றிருந்தார்கள். இதுதான் கடைசி.

"நீ போயிட்டா இந்தக் குளிருல நான் மட்டும் என்ன பண்ணுவேன், கிழவா?" என்றாள் என் மனைவி நிக்கோலசா, கதவருகே.

உள்ளே டாக்டர் கூசெரா, நர்ஸ் டார்லின், நான். மூன்றே பேர்.

"மாடு அறுத்த ஆளு, இந்த ஊசிக்கா நடுங்குறீங்க?" டார்லின் சிரித்தாள்.

"மாடும் நடுங்கத்தாம்மா செய்யும்."

இடது பக்கம் சீக்கிரம் முடிந்தது. வலது பக்கம்... வழுக்கியது. மறுபடி. மறுபடியும் வழுக்கியது. எக்ஸ்ரே திரையில் டியூபின் நுனி குருடன் கைத்தடி போலத் தட்டித் தட்டிப் பார்த்தது. டாக்டரின் நெற்றி வேர்த்திருந்தது.

"குழாயோட வாயே சிக்க மாட்டேங்குதே."

"விட்டுடாதீங்க, டாக்டர்."

"இன்னும் அஞ்சு நிமிஷம், எலூத்தேரியோ. அதுக்கு மேல, குழாய் படத்துல தெரியறதுக்கு விடுற சாய மருந்த உங்க சிறுநீரகம் தாங்காது."

சுவர்க் கடிகாரம் பார்த்தேன். பதினொன்று இருபது. எனக்குத் தெரிந்த புனிதர்கள் எல்லாரையும் கூப்பிட்டு முடித்திருந்தேன். அதனால் மனசுக்குள் இப்படிச் சொன்னேன்... யாராக இருந்தாலும் சரி. பிடித்துக் கொடு.

வலது விலாவுக்குக் கீழே சில்லென்றது.

தோலில் இல்லை. உள்ளே.

"டார்லின், கையை எடு." டாக்டர் திரையிலிருந்து கண் எடுக்கவில்லை.

"எந்தக் கை?"

"படத்துல மறைக்குது. எடு."

"டாக்டர்... என் ரெண்டு கையும் இங்க இருக்கு."

தூக்கிக் காட்டினாள்.

நான் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தேன்.

விரல் எலும்புகள். கட்டைவிரல். ஆட்காட்டி விரல்.

டியூபின் நுனியைப் பிடித்திருந்தன... ஊசியில் நூல் கோப்பவள் பிடிப்பது போல.

தள்ளின.

உள்ளே போனது.

சாயம் மெல்லிய வேர்களாகப் பரவியது. டியூப் வழியே ரத்தம்... சொட்டு... சொட்டு...



விரல்கள் மெதுவாக விட்டன. நகர்ந்தன. மேலே.

நெஞ்சுப் பக்கம்.

வலது சுரப்பிதான் கெட்டது என்று முடிவு வந்தது. அறுத்து எடுத்தார்கள். அழுத்தம் இறங்கிவிட்டது. நிக்கோலசா ஆஸ்பத்திரி முழுக்க இனிப்பு ரொட்டி கொடுத்தாள்.

வீட்டுக்குக் கிளம்பும் அன்று கூசெரா என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

"அந்தக் கை தெரிஞ்சப்போ, சாய்வா வேற கோணத்துலயும் படம் எடுத்தேன். கை உடம்புக்கு வெளிய இருந்தா, கோணம் மாறுனதும் டியூபை விட்டு விலகித் தெரியணும்."

"விலகுச்சா?"

"இல்ல. அது உள்ளதான் இருந்துச்சு."

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மொத்தப் படத்தையும் ஒண்ணு விடாம பார்த்துட்டேன், எலூத்தேரியோ. அது வெளிய போறது எதுலயும் இல்ல."