பின்னால் நின்று பாடியவள்

காது போய்க்கொண்டிருக்கிறது என்பதை நான் ஒரு பாட்டில்தான் முதலில் தெரிந்துகொண்டேன். பல வருடங்களாகக் கேட்டுவந்த பாட்டு அது. நடுவில் ஓரிடத்தில் ஸ்டீல் கிடார் வரும். மடியில் படுக்கவைத்து, கம்பிகளின்மேல் ஓர் இரும்புத் துண்டை நகர்த்தி வாசிக்கிற கிடார். அந்த இடத்தில் அதன் ஒலி மெலிந்து மெலிந்து மேலே ஏறி, நூல் மாதிரி ஆகி, அப்புறம்தான் முடியும். அன்று பாதியிலேயே காணாமல் போய்விட்டது. மறுபடி வைத்துக் கேட்டேன். அதே இடத்தில் நின்றது.

இயர்போன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். சேலத்துக்கு லோடு இறக்கப் போன கணவர் புதிதாக ஒன்று வாங்கிவந்தார். அதிலும் அப்படியே. பிறகு சிக்னலைக் குறை சொன்னேன். ஏற்காட்டில் எதற்கும் சிக்னலைக் குறை சொல்லலாம், யாரும் மறுக்கமாட்டார்கள். இப்படியே சில மாதங்கள் ஓடின. குக்கர் விசில் காதில் விழாமல் பருப்பு அடிபிடித்தது. வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தில் விடிந்ததும் கத்துகிற குருவிகளை அந்த வருடம் காணோமே என்று நினைத்துக்கொண்டேன். குருவிகள் மரத்தில்தான் இருந்தன.

"ஏம்புள்ள, அப்பப் புடிச்சுக் கூப்புடறேன். எந்த லோகத்துல இருக்க?" என்றார் கணவர்.

"பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சுங்க" என்றேன்.

பாட்டு எதுவும் ஓடவில்லை.

அந்தப் பாட்டைப் பாடிய குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அமெரிக்காவில் அவர்கள் ஊரிலேயே அவர்களைத் தெரிந்தவர்கள் குறைவு. நான் இங்கே ஒரு உறைவிடப் பள்ளியின் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயப் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடிவந்தேன். ஒரு தவக்காலத்தில் பழைய கீர்த்தனை ஒன்றைப் படிக்கச் சொல்லியிருந்தார்கள். மெட்டு சரியாகப் பிடிபடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூலகக் கணினியில் அதன் ஆங்கில மூலத்தைத் தேடினேன். வெள்ளை அங்கி போட்ட பெரிய குழு ஏதாவது வரும் என்று பார்த்தால், கதவு திறந்து கிடக்கிற ஒரு தகரக் கொட்டகையில் மூன்று ஆண்களும் ஒரு பெண்ணும் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் அதைப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் பிசைந்த சோறு காய்ந்துவிட்டது.

அவர்களுடைய சொந்தப் பாட்டுகளுக்குப் பிறகுதான் போனேன். ராக் மாதிரி அடித்து ஆரம்பித்து, நாட்டுப்புறப் பாட்டு மாதிரி இழுத்து முடியும். ஆல்ட் கன்ட்ரி என்று அதற்கு ஒரு பெயர் இருப்பது பிற்பாடுதான் தெரிந்தது. ராக் கேட்கிறவர்களும் சேர்த்துக்கொள்ளாமல், கன்ட்ரி கேட்கிறவர்களும் சேர்த்துக்கொள்ளாமல் வாசலில் நிற்கிற இசை. மூடிப்போன ஆலை, மழை பக்கத்து ஊரோடு திரும்பிவிட்ட சோளக்காடு, லாரி ஓட்டப் போய் வீட்டுக்கு வராத அப்பா. இவைதான் பாட்டுகள். முதலில் எனக்கு அந்த ஆங்கிலம் பாதி புரியவில்லை. கேட்கக் கேட்கப் புரிந்தது. அங்கிருந்து அதே போன்ற வேறு குழுக்களுக்குப் போனேன். ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்துபோனவர்கள், பாதி நாற்காலிகள் காலியாக இருக்கிற அரங்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவர்கள். எல்லோரையும் கேட்டேன். ஆனால் கொட்டகைக்காரர்களிடம்தான் திரும்பத் திரும்ப வந்தேன்.

காரணம் அந்தப் பெண். முன்னால் நிற்கிற பாடகர் ஒரு ஆண். அவள் பின்னால் ஓரமாக நின்று அவன் குரலுக்குச் சற்று மேலேயோ கீழேயோ தன் குரலை வைப்பாள். முழுப் பாட்டு ஒன்றுகூட அவளுக்குக் கிடையாது. அவள் வராத வரிகளைக் கேட்டால்தான் வருகிற வரிகளில் அவள் செய்வது தெரியும். ஒருமுறை இணையத்தில் அவர்கள் பாட்டுக்குக் கீழே, தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில், நானும் இந்தியாவில் ஒரு மலையூரில் இரண்டாம் குரல் பாடுகிறவள் என்று எழுதினேன். சில நாள் கழித்து அவளே பதில் எழுதியிருந்தாள். அப்படியென்றால் நம் வேலை உனக்குத் தெரியும், முன்னால் பாடுகிறவன் விழாமல் பார்த்துக்கொள்வது என்று. அதை யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. கணவரிடம் காட்டினேன்.

அவருக்கு அந்தப் பாட்டுகள் ஆகவே ஆகாது. பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து காப்பியும் மிளகும் கொய்யாவும் ஏற்றிக்கொண்டு டவுனுக்கும் சேலத்துக்கும் போய்வருவார். வண்டியில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் அவருக்கு. நான் முதல்முறை என் பாட்டைப் போட்டபோது ஒரு கிலோமீட்டர் பொறுத்துப் பார்த்தார்.

"என்ன புள்ள இது, இப்படி அழுவறான்?"

"அழுவலீங்க. பாடறாரு."

"நம்மூர்ல எழவு ஊட்டுல பாடறத இவங்க மைக்கு வெச்சுப் பாடறாங்க" என்றார். அதற்குப் பிறகு நான் தனியாகத்தான் கேட்டேன்.

கடைசியில் சேலத்தில் காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஒலி கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கேட்காத இடத்திலும் குத்துமதிப்பாக அழுத்தினேன், பரீட்சையில் தெரியாத கேள்விக்குப் பதில் எழுதுகிற மாதிரி. டாக்டர் அம்மாவுக்கு அது தெரிந்துவிட்டது. மறுபடியும் சோதித்தார். உள்காது நரம்பு பலவீனமாகிவருகிறது, இரண்டு காதிலும், திரும்பாது, மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

"பாட்டு கேக்க முடியுங்களா?" என்று கேட்டேன்.

"பேச்சு நல்லாக் கேட்கும்மா" என்றார்.

மலை ஏறும்போது எல்லோருக்கும் காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் விட்டுவிடும். அன்று கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நான் விழுங்கிக்கொண்டே வந்தேன். கணவர் பார்த்துக்கொண்டுதான் வந்தார். பாதி வழியில் வண்டியை நிறுத்தி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார்.

மெஷின் வந்தது. டாக்டர் சொன்ன மாதிரியே பேச்சு கேட்டது. கணவர் பேசுவது, மழை ஓட்டின்மேல் விழுவது, சாமான் கழுவுவது எல்லாம் திரும்பின. அன்று மாலையே அந்தப் பாட்டைப் போட்டேன். எவர்சில்வர் பாத்திரங்களை ஒரு சாக்கில் போட்டு யாரோ இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. இது பழகப் பழகச் சரியாகும் என்று சொல்லியிருந்தார்கள். தினமும் போட்டுப் பார்த்தேன். சிலருக்குச் சரியாகிறதாம். எனக்கு ஆகவில்லை.

நூலகத்தில் சத்தம் போடாதீர்கள் என்று எழுதி மாட்டியவளே நான்தான். இப்போது பிள்ளைகளிடம் உரக்கக் கேளுங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதைக்கூடச் சமாளித்துவிட்டேன். பாடகர் குழுவில்தான் முடியவில்லை. ஒரு ஞாயிறு, பாடிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் அரை அடி தள்ளி நின்றாள். என் சுருதி அவளை இழுத்திருக்கிறது. அவள் முகத்தில் கோபம் இல்லை, தன் சுருதியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் நான் போகவில்லை. குழுவை நடத்துகிற தம்பி வீட்டுக்கே வந்தார்.

"ஏனுங்கக்கா, சும்மா வந்து நின்னாக்கூடப் போதுமுங்க. உங்க எடம் அப்படியே இருக்கட்டும்."

"நிக்கறதுக்கு எதுக்குங்க தம்பி அங்க வரோணும்" என்றேன். காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

போன வருடம் ஒரு நாள் நூலகத்தில் இருக்கும்போது அந்தக் குழுவின் இணையப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு பார்த்தேன். நெடுங்காலம் கழித்துப் புது ஆல்பம் வருகிறது. என் மனம் ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்து துள்ளியது. கீழே வாசித்தேன். அந்தப் பெண் முந்தைய குளிர்காலத்தில் நோயில் இறந்துவிட்டாள். அவள் இல்லாமல்தான் பதிவு செய்திருக்கிறார்கள். பழைய ஒலிநாடாவில் மிச்சமிருந்த அவள் குரலை ஒரே ஒரு பாட்டில் மட்டும் சேர்த்திருக்கிறோம் என்று எழுதியிருந்தது. எந்தப் பாட்டு என்று எழுதவில்லை.

சாயங்காலம் கணவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"ஒரு சாவுங்க."

"யாரு?"

"அந்தப் பாட்டுக்காரம்மா. எனக்குப் பதில் எழுதுச்சே, அவங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன வயசு?"

"நம்ம வயசு இருக்குமுங்க."

"புள்ளைங்க இருக்குதா?"

"தெரியலீங்க." அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருடம் அவள் மூச்சு எங்கே வாங்குவாள் என்றுகூடத் தெரிந்தவளுக்கு, அவளுக்குப் பிள்ளை உண்டா என்று தெரியவில்லை. யாரிடமும் போய் அழ முடியாத சாவு அது. இரவுச் சாப்பாட்டுக்கு அரிசியை அவரே களைந்து வைத்தார்.

ஆல்பம் வந்த வாரம் எனக்குப் பள்ளி விடுமுறை. காலையில் அவரோடு வண்டியில் நாகலூர் போனேன். மிளகு ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே ரோடு கொஞ்சம் அகலமாகும் இடத்தில் சிக்னல் நன்றாக நிற்கும். அங்கே நிறுத்தச் சொன்னேன்.

"எனக்காக ஒன்னு கேட்டுச் சொல்லோணுமுங்க."

"நானா? எனக்கு அதுல ஒன்னும் வெளங்காது புள்ள."

"வெளங்க வேண்டாங்க. பொம்பளக் குரல் எந்தப் பாட்டுல வருதுனு மட்டும் சொன்னாப் போதும்."

இயர்போனை மாட்டிக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் தலையாட்டினார், இல்லை என்று. ஏற்காடு போகிற பஸ் எங்களைத் தாண்டிப் போனது. டிரைவர் கையைக் காட்டினார், இவர் கவனிக்கவில்லை. சலித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு, முன்னால் ரோட்டைப் பார்த்தபடி, லோடு வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது, எங்கிருந்து என்று கேட்கிற மாதிரி அவ்வளவு கவனமாகக் கேட்டார்.

கடைசிக்கு முந்தைய பாட்டில் சட்டென்று கையைத் தூக்கினார்.

"வருது."

"எப்படிங்க இருக்குது?"

"தூரமா. அடுத்த ரூம்ல நின்னு பாடற மாதிரி."

"அவரு குரலுக்கு மேலயா, கீழயா?"

"அதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியலியே."

"கையில காட்டுங்க" என்றேன். "ஏறுனாக் கையத் தூக்குங்க. எறங்குனா எறக்குங்க. நீட்டுனா அப்படியே வெச்சிருங்க."

பாட்டை முதலிலிருந்து மறுபடி வைத்தார். கொஞ்ச நேரம் கை ஸ்டியரிங்மேலேயே இருந்தது. பிறகு எழுந்தது. மிளகுத் தூசி படிந்த கை. மெதுவாக ஒரு சாண் ஏறி, நின்று, விரல்கள் மட்டும் கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறியது. பாடகர் குழுவில் இருந்தவளுக்கு அது போதும். அவள் எப்போதும் செய்வது அதுதான். வரியின் முடிவில் எல்லோரும் இறங்கும்போது அவள் மட்டும் ஒரு படி மேலேயே நின்றுகொள்வாள். அவருடைய கை அங்கே நின்றது. என் தொண்டைக்குள் அந்தச் சுரம் தானாக வந்து உட்கார்ந்தது. சத்தமாகப் பாடியிருந்தால் சரியாக இருந்திருக்குமா என்று தெரியாது. நான் பாடவில்லை.

பிறகு கை இறங்கி ஸ்டியரிங்கில் அமர்ந்தது.

"முடிஞ்சுருச்சுங்களா?"

"இல்ல, பாட்டு ஓடுது. அந்தம்மா நிறுத்திருச்சு." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார், "இப்ப அவன் தனியாப் பாடறான்."

பாட்டு முடியும்வரை அவர் இயர்போனைக் கழற்றவில்லை. கழற்றிய பிறகு, அதில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டார். போனில் வரிகளைப் பார்த்துச் சொன்னேன். வீட்டை விற்றுவிட்டுப் போகிற ஒருவன், சமையல்கட்டுச் சுவரில் பிள்ளையின் உயரம் குறித்த கோடுகளை மட்டும் எப்படிக் கொண்டுபோவது என்று நிற்கிறான்.

"நொம்பக் கஷ்டமாத்தான் பாடிருக்காங்க" என்றார். வண்டியை எடுத்தார். டவுனில் மிளகை இறக்கினோம், ஒண்டிக்கடை முக்கில் காய் வாங்கினோம், வீட்டுக்கு வந்தோம்.

அதற்குப் பிறகு அப்படிக் கேட்டுச் சொல்லும்படி நான் அவரிடம் கேட்கவில்லை. அன்று கிடைத்தது பாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இப்போது எனக்கு இருப்பது தலைக்குள் இருக்கிற பாட்டுகள்தான். துணி துவைக்கும்போது ஒவ்வொன்றாக ஓடவிடுவேன். அவையும் தேய்கின்றன. ஒத்துப்பார்க்க வழியில்லாததால் நான் எங்கே தவறவிட்டேன் என்றும் தெரிவதில்லை. நேற்று அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டைத் தேடினேன். சொற்கள் எல்லாம் வந்தன. மெட்டு வரவில்லை. சோப்பு நுரையோடு கல்லின் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். அவர் வந்ததும் அந்த ஒரு பாட்டை மட்டும் போட்டுக் கையில் காட்டச் சொல்லலாமா என்று நினைத்தேன்.

மதியம் வந்தார். பசியோடு வந்தார்.

"என்ன புள்ள, மொகம் ஒரு மாதிரியா இருக்குது?"

"ஒன்னுமில்லீங்க. கையக் கழுவிட்டு வாங்க" என்று சொல்லி, சோறு போட்டேன்.