பாதியாகிப் போன விலை

ஒன்பது வருடங்களாக, மூன்றரை மணிக்குப் பங்குச் சந்தை மூடியதும் தையல்காரி மிஷினை நிறுத்திவிடுவாள். துணி வெட்ட மாதிரி வரையும் பழுப்புத் தாள் ஒன்று சுவரில் ஒட்டியிருக்கும். தான் வைத்திருக்கும் பங்கின் அன்றைய விலையை எழுதி, பத்து நாள் சராசரியை நீலக் கோடாகவும் ஐம்பது நாள் சராசரியைச் சிவப்புக் கோடாகவும் அதில் நீட்டுவாள். நீலம் சிவப்பைத் தாண்டி ஏறினால் வாங்குவாள். கீழே இறங்கினால் விற்றுவிடுவாள். மகளின் நர்சிங் படிப்புக்கு அந்தப் பங்குகளைத்தான் நம்பியிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை விலை சரிபாதியானது. இரண்டே நாளில் நீலம் சிவப்புக்குக் கீழே போய்விட்டது.

"நான் சொன்னாத்தான் கேக்க மாட்டே, கோடு சொன்னாக் கேப்பியே. வித்துடு," என்றான் பஸ் ஓட்டும் கணவன்.

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. இவ்வளவு விழுந்தும் செய்தியில்கூட யாரும் பதறவில்லையே என்று தோன்றியது. தயங்கித் தயங்கித் தரகர் அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"விலை விழலக்கா. கம்பெனிக்காரங்க ஒரு பங்கை ரெண்டாப் பிரிச்சிட்டாங்க. உங்க கணக்குல எண்ணிக்கை இரட்டிப்பாயிருக்குமே, பாக்கலையா?" என்றார் குமாஸ்தா.

விலையைத் தவிர வேறெதையும் அவள் பார்ப்பதேயில்லை. பழைய விலைகளையெல்லாம் பாதியாக்கி இரண்டு கோடுகளையும் புதிதாக வரைந்தாள். நீலம் மேலேதான் இருந்தது.

"கோட்டையும் பிரிச்சுத் தைச்சுட்டியா?" என்று கணவன் சிரித்தான்.

மகள் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கட்டணத்துக்காகக் கொஞ்சம் விற்றதுபோக மீதிப் பங்குகள் தையல்காரியிடம் இருக்கின்றன. நிறுவனத்தின் அறிவிப்புகளைப் படித்த பிறகே கோடு போடுகிறாள்.