ஒட்டகத்துக்குள் இருந்த குழாய்

கட்டட வேலையில் டவர் கிரேன் ஓட்டுகிறவனுக்கு ஒரு திமிர் உண்டு. கம்பி கட்டுகிறவன், சட்டி சுமக்கிறவன், மேஸ்திரி, இன்ஜினியர் எல்லோருமே அவனுக்கு எறும்பாகத் தெரிவார்கள். தெரிந்துவிட்டுப் போகட்டும். ஆனால் எறும்புக்கும் தாகம் எடுக்கும், எறும்பும் ஓரமாக ஒதுங்கும். அதைத்தான் ஒட்டகத்தால் பொறுக்க முடியவில்லை.

ஒட்டகம் என்பது பட்டப்பெயர். காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம் வேலை ஓய்ந்த பிறகுதான் இறங்குவார். நடுவில் ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது. குடித்தால் வரும், வந்தால் இறங்கணும், அந்த நெட்டுக்குத்தான ஏணியில் இறங்கி ஏறுவதற்குள் கீழே நாலு பேர் அண்ணாந்து பார்த்து முணுமுணுப்பார்கள். மற்ற ஆபரேட்டர்கள் ஒரு காலி பாட்டிலை மேலே கொண்டுபோய்க் காரியத்தை முடித்துக்கொள்வார்கள். அவர்களைக் கண்டாலே இவருக்கு இளக்காரம்.

"நான் உட்கார்ந்தா அது சீட்டு. அவனுங்க உட்கார்ந்தா கக்கூஸ்," என்பார்.

பெயர் வைத்தவன் கேலியாகத்தான் வைத்தான். இவர் அதைப் பதக்கம் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காமல், சட்டி தூக்கி, தூக்கிய கையாலேயே கிரேன் பிடியைப் பிடித்தவர்தான். இல்லை என்று யார் சொன்னது? சட்டி தூக்கி மேலே வந்தவர்கள் உலகத்தில் வேறு பேரும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாம் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே வந்தார்கள்.

இடது விலாவுக்குக் கீழே வலி வந்தபோது "வாயு" என்றார். அது அடிவயிற்றுக்கு இறங்கியபோது "பிடிப்பு" என்றார். ஒரு நாள் கம்பிக்கட்டு அந்தரத்தில் தொங்கும்போது வாக்கி-டாக்கியில் மாடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கீழே நின்று சைகை காட்டுபவன் அவர் பெண்டாட்டியின் தம்பி. ஏதோ இயந்திரக் கோளாறு என்றுதான் அவன் நினைத்தான். அந்த நிலையிலும் கம்பிக்கட்டைப் பூ மாதிரி தரையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் மனுஷன் சுருண்டார். கை வேலையில் குறை சொல்ல முடியாது. புத்தியில்தான் ஓட்டை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"இடது கிட்னியில பெரிய கல்லு. மாத்திரைக்குக் கரையாது, தானா வெளிய வராது. இப்படியே விட்டா அந்தக் கிட்னியே போயிடும். தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

"தேவையான அளவு."

"பொய் சொல்லாதீங்க," என்று பெண்டாட்டி குறுக்கே விழுந்தாள். "காலையில வச்ச சொம்பு அப்படியே கெடக்கும் டாக்டர். கடைசியில செடிக்குத்தான் ஊத்துவேன். செடி நல்லா இருக்கு."

"வயித்தைக் கிழிப்பீங்களா?" என்று ஒட்டகம் கேட்டார். குரல் சன்னமாகத்தான் வந்தது.

"கிழிக்கிறதெல்லாம் இல்ல. முதுகுல விரல் மொத்தத்துக்கு ஒரு ஓட்டை. அது வழியா கேமரா விட்டு, உள்ளேயே கல்லை உடைச்சு, துண்டு துண்டா எடுத்துடுவோம். நீங்க மயக்கத்துல இருப்பீங்க."

ஓட்டை என்றதும் உயிர் வந்துவிட்டது. "அட, நாங்களும் ஸ்லாபுல ஓட்டை போடுறவங்கதான்!"

"உங்க ஸ்லாபுல ரத்தம் வராது. இதுல வரலாம், காய்ச்சலும் வரலாம். அதனால சில நாள் இங்கதான் படுத்திருக்கணும்."

எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. உடைந்த கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் காட்டினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒன்று சொன்னார்.

"கிட்னியில இருந்து மூத்திரப்பை வரைக்கும் உள்ள ஒரு மெல்லிசான குழாய் வச்சிருக்கோம். வீக்கம் வடியிற வரைக்கும் வழி அடைக்காம இருக்கத்தான். மூணு வாரத்துல வாங்க, எடுத்துடலாம். அப்படியே விட்டா அது மேலயே கல்லு படியும். மறந்துடாதீங்க."

"அதை எந்த வழியா எடுப்பீங்க?"

டாக்டரம்மா சொன்னார். ஒட்டகத்தின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிட்டது. ஆகாயத்தில் தொங்குகிற ஆம்பளைக்கு மூத்திரம் போகிற அந்த ஒரு வழி மட்டும் ஆகவில்லை.

பயம் என்று ஒத்துக்கொண்டால் ஒட்டகமாக முடியுமா? அதனால் ஒரு தத்துவம் கண்டுபிடித்தார். கேன்டீனில் சட்டையைத் தூக்கி முதுகுத் தழும்பைக் காட்டிவிட்டு எல்லோருக்கும் பாடம் எடுத்தார்.

"ஸ்லாபுக்குள்ள பைப்பு பதிக்கிறோம். கான்கிரீட் போட்ட பிறகு எந்த மடையனாவது அதை உருவுவானா? உள்ள பைப்பு கெடந்தா வழி திறந்து கெடக்கும். இனிமே கல்லு எங்க நிக்கும்? வழுக்கிட்டு ஓடிடும்!"

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். கட்டட வேலைக்காரர்களுக்கு அது நியாயமாகவே பட்டது. குழாயை எடுக்கவேண்டிய நாளில் ஒட்டகம் கிரேன் ஏறினார். சாயங்காலம் வீட்டில், "எடுத்தாச்சு, ஒண்ணுமே தெரியல," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

உள்ளே கிடக்கிற குழாய்க்கு இவர் தத்துவம் புரியுமா? அது மூத்திரப்பையைக் குத்திக்கொண்டே இருந்தது. கம்பி தூக்குவதற்குள் ஒரு தடவை, இறக்குவதற்குள் ஒரு தடவை. இறங்கினால் மானம் போகும். அடக்கினால் உயிர் போகும். கடைசியில், யாரைப் பார்த்துக் காறித் துப்பினாரோ அவர்கள் வழிக்கே வந்தார். சாப்பாட்டுப் பையில், கேரியருக்குப் பக்கத்தில், ஒரு காலி பாட்டில் கிரேன் ஏறியது. சாயங்காலம் நிறைந்து இறங்கியது. சீட்டு கக்கூஸாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் மேலே ஆள் இல்லை.

இப்படியே மாதங்கள் ஓடின. ஒரு சாயங்காலம் ஏணியிலிருந்து விலாவைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். பாவமே என்று மச்சான் பையை வாங்கினான். பாட்டில் நழுவி மணலில் உருண்டது. உள்ளே செக்கச் சிவப்பு.

"என்ன மாமா இது?"

"கூலன்ட்டு. இன்ஜின் சூடாகாம இருக்க ஊத்துறது."

"கரன்ட்டுல ஓடுற கிரேனுக்கு எதுக்கு மாமா கூலன்ட்டு?"

மச்சான் பாட்டிலைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், நேரே அக்காவுக்குப் போன் போட்டான்.

எக்ஸ்ரே படத்தில் குழாய் வெள்ளை வெளேர் என்று தெரிந்தது. மேல் நுனியிலும் ஒரு கல், கீழ் நுனியிலும் ஒரு கல். தானாக ஓடிப்போக வேண்டிய கல்லெல்லாம் அங்கேயே குடித்தனம் நடத்தியிருந்தது.

"இழுத்தா வராது, அறுந்துடும்," என்றார் டாக்டரம்மா. "கீழ உள்ள கல்லை லேசர்ல உடைக்கணும். மேல உள்ளதுக்கு மறுபடி முதுகுல ஓட்டை. அதுக்கப்புறம்தான் கிட்னி உங்களுக்கா இல்லையான்னே சொல்ல முடியும். சொன்ன தேதிக்கு ஏன் வரல?"

"அது வந்து டாக்டர்... பில்லர், ஸ்லாபுல எல்லாம் பைப்பு..."

"பில்லராம் பில்லர்!" என்று பெண்டாட்டி வெடித்தாள். "ஏங்க, எந்தப் பில்லருக்குங்க மூத்திரம் வருது? எடுத்தாச்சுன்னு என்கிட்ட சொல்லிட்டு அப்படி வக்கணையா சாப்பிட்டீங்களே!"

இந்தத் தடவை ஒட்டகம் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. கல்லையும் பழைய குழாயையும் எடுத்துவிட்டு, புதிதாக ஒரு குழாய் வைத்தார்கள். கிட்னி தப்பியது. முழுசாக இல்லை. "பாதிதான் வேலை செய்யுது. போனது போனதுதான்," என்றார் டாக்டரம்மா.

புதுக் குழாயை எடுக்கிற நாளில் பெண்டாட்டி ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம். கைதியை மாதிரி கூட்டிப்போனார்கள். மரத்துப்போகப் பண்ணி, கேமரா விட்டு, குழாயைப் பிடித்து இழுத்தார்கள். அவர் பல்லைக் கடிக்க ஆரம்பிப்பதற்குள் அது தட்டில் கிடந்தது. நூடுல்ஸ் மாதிரி ஒரு துண்டு.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்," என்றார் டாக்டரம்மா. "இதுக்குப் பயந்துதான் பாதிக் கிட்னியைக் கொடுத்தீங்க."

மறுபடி வேலைக்கு வந்த அன்று, வெயில் ஏறுகிற நேரத்தில் கிரேன் நின்றது. கொக்கியைக் காலியாக மேலே ஏற்றி நிறுத்திவிட்டு அவர் ஏணியில் இறங்கினார். கம்பி கட்டுகிறவன், மேஸ்திரி, எல்லா எறும்புகளும் அண்ணாந்து பார்த்தன. யாரோ ஒருவன் விசில் அடித்தான்.

"என்ன மாமா, இறங்கிட்டீங்க? தண்ணி வேணுமா?" என்று மச்சான் பாட்டிலை நீட்டினான்.

"மேலயே குடிச்சேன்டா. அதனாலதான் இறங்கினேன்," என்று சொல்லிவிட்டு, விசில் வந்த பக்கம் திரும்பாமல் கக்கூஸைப் பார்த்து நடந்தார்.